செம்பு

சனிக்கிழமை காலை அளவுநாடாவைச் சுருட்டிக்
குளிரங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போவேன்.
முன்னங்கால்களுக்குப் பின்னே, நெஞ்சைச் சுற்றி
ஒரு சுற்று.
குட்டி துள்ளும், நாடா நழுவும்,
மறுபடி முதலில் இருந்து.
பதினான்கு மறிக்குட்டிகள். ஒரு நீலக் கொப்பி.

லிஸ்டோவலில் மூக்குமயிர் உறைகிற
தை மாத இரவுகளில் பிறந்தவை.
கடும்புப் பாலை முதல் மணித்தியாலத்துக்குள் புகட்டினேன்.
வெதுவெதுப்பென்றால் குடிக்கும்,
ஆறினால் முகத்தைத் திருப்பும்.
பிறகு போத்தல், பிறகு வாளி,
பிறகு ஒரு பிடி தீவன உருண்டை:
மென்று பார்த்துத் துப்பும்.
மறுநாள் துப்ப மறந்துபோகும்.
அசைபோடும் வயிறு உள்ளே அப்படித்தான் கண்விழிக்கிறது.

பிறந்த நிறையின் இரண்டரை மடங்கு வந்தால்தான்
பால் மறக்கடிப்பேன், நாட்காட்டி என்ன சொன்னாலும்.
தீனியை அள்ளிக் கொட்டவும் மாட்டேன்.
இந்த வயதில் கொழுத்தால்
கொழுப்பு மடிக்குள் குடியேறிவிடும்;
பால் வரும் நாளில் பாலுக்கு இடமிருக்காது.
இவ்வளவும் தெரிந்து வைத்திருந்தேன்.

ஆனி முடிவில் ஒன்பதாம் இலக்கம்,
கன்னங்கரேலென்று பிறந்தவள்,
முதுகில் செம்பட்டை பூத்து நின்றாள்.
வெயில் என்றேன்.
அடுத்த கிழமை நான்காம் இலக்கம். பிறகு பதினொன்று.
வால்நுனி மயிர் உதிர்ந்து
மீன்வால்போல இரண்டாய்ப் பிரிந்தது.
நாடாவில் மூன்று சனிக்கிழமையும் ஒரே எண்.

புழு என்றார் குலேந்திரன்.
பிழுக்கையைச் சோதித்தோம். புழு இல்லை.
மிருக வைத்தியர் மெக்லாரன் வந்து
இரத்தம் எடுத்தார், உலர்புல்லை மோந்தார்,
கிணற்றுத் தண்ணீரைக் குப்பியில் அடைத்தார்.
கடைசியில் தீனி அறைக்குள் போய்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
தாதுஉப்பு மூட்டையின் பின்பக்கத்தை வாசித்தார்.
மேலிருந்து கீழே. திரும்பக் கீழிருந்து மேலே.
"இதில் செம்பு எங்கே?"

மூட்டையின் முன்பக்கத்தில்
ஒரு செம்மறி சிரித்துக்கொண்டிருந்தது.

சித்திரையில், கறந்த கையோடு,
நான்தான் இவருக்குச் செய்தி அனுப்பினேன்:
'ஆட்டு உப்பு முடிஞ்சுது. நாலு மூட்டை.'
கடைப் பெடியன் இரண்டு பெயர் சொல்லி
எது வேணும் என்று கேட்டானாம்.
ஆடு ஆடுதானே,
இவர் முதலாவதைச் சொன்னாராம்.

எங்கள் வாயில் இரண்டும்
ஒரே சொல்லுக்குள் ஒட்டிப் படுத்துக் கிடக்கின்றன.
கடையில் மூட்டைகள் வேறு வேறு.
செம்பு கொஞ்சம் கூடினாலும்
ஈரல் நொந்து செத்துப்போகும் செம்மறி.
செம்பு இல்லாவிட்டால் வளராமல் நிற்கும் வெள்ளாடு.
செம்மையைப் பெயரிலே சுமப்பதற்கு அது நஞ்சு;
அது கிடைக்காத கறுப்பியோ
செம்பின் நிறமாகிப் போகிறாள்.

ஏசினேன். அவரும் ஏசினார்.
'வெள்ளாடு என்று எழுதியிருக்கலாமே?'
நியாயம்தான். அதற்கும் சேர்த்து ஏசினேன்.
இரண்டு நாள் வீட்டில் ரேடியோ மட்டும் பேசியது.
மூன்றாம் நாள் வைத்தியர் தந்த செப்புக் குளிசையோடு
பட்டிக்குள் போனோம்.
அவர் தாடையைப் பிடிக்க
நான் தொண்டைக்குள் தள்ளினேன்.
பதினான்கு வாய்.
"விழுங்கிட்டுதா?"
"ம்."
அதுதான் முதல் பேச்சு.

மீந்த ஒன்றரை மூட்டையை
பக்கத்துப் பண்ணை மார்ட்டினின் செம்மறிகள் நக்குகின்றன.
பதிலுக்கு ஒரு கூடை பீட்ரூட் வந்தது.

இப்போது ஐப்பசி.
ஒன்பதாம் இலக்கத்தின் மயிரை விரலால் விலக்கினால்
அடியில் புதுக் கறுப்பு,
நுனியில் பழைய செம்பட்டை.
எங்கள் கோடைகாலம் இரண்டு அங்குலம் நீளம்.
நாடா முப்பத்தொரு கிலோ என்கிறது.
கிடாயோடு சேர்க்க முப்பத்தைந்து வேண்டும்.
அவன் வேலிக்கு அப்பால் நின்று
உதட்டைச் சுருட்டுகிறான், நாறுகிறான், கத்துகிறான்.
கத்தட்டும்.
கொப்பியில் 31 என்று எழுதி
பேனாவைக் காதில் செருகுகிறேன்.